எடைக்குப் போடும் முன்

பெற்றோர் இருந்த வீட்டை ஒழிக்கும் வேலை எல்லாக் குடும்பத்துக்கும் ஒருநாள் வரும். பித்தளை அண்டாவுக்குப் பங்கு கேட்க ஆள் உண்டு. மளிகைச் சீட்டுக்கும் பழைய நோட்டுக்கும் யாரும் வரமாட்டார்கள். அவை நேரே எடைக்குப் போய்விடும்.

செஞ்சியில் எங்கள் வீட்டை ஒழித்தபோது பரண்மேல் தகரப்பெட்டியில் அம்மாவின் பால் கணக்கு நோட்டு கிடைத்தது. கணக்குகளுக்கு நடுநடுவே பானகம், நன்னாரி சர்பத், சுக்குமல்லிக் காபி என்று குடிக்கிறவற்றின் பக்குவம். எங்கள் ஊருக்கு அவை தேவைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை வளைத்த எங்கள் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. பார்க்க வருகிறவர்கள் கோட்டையைப் புகழ்வார்கள். கத்திரி வெயிலில் அந்தப் பாறைச் சூட்டோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் நாங்கள்.

பானகத்துக்கு அம்மா எழுதியது: வெல்லம் 8 பலம், தண்ணீர் ஒரு படி, எலுமிச்சம்பழம் இரண்டு, சுக்கு, ஏலக்காய். 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவந்த பிறகும் நம் அடுப்படியில் பலமும் படியும் வெகுகாலம் புழங்கின. பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம். படி ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். ஆக, 280 கிராம் வெல்லம். கரைத்து, மண் போக வடிகட்டி, அதன்பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும்.

நன்னாரிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வாசனை வேரின் மேல்தோலில்தான் இருக்கிறது. அதனால் வேரைக் கழுவி, தட்டி, நடுநரம்பை எடுத்து எறிந்துவிட்டுத் தோலை மட்டும் வெந்நீரில் இரவு முழுக்க மூடி ஊறவைக்க வேண்டும். திறந்துவைத்துக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். பாகைத் தனியே காய்ச்சி, ஊறிய சாற்றை அதில் சேர்க்கச் சொல்கிறது நோட்டு.

பானகத்தில் போடும் சுக்குக்கு அளவே இல்லை. "பார்த்துப் போடவும்" என்று எழுதியிருக்கிறார். எழுதியவருக்குக் கையளவு தெரியும். படிக்கிற நமக்குத் தெரியாது. நானும் அக்காவும் ஆளுக்கொரு அளவில் போட்டுப் பார்த்தோம். ஒருவர் கலந்தது இன்னொருவருக்குக் காரம்.

நோட்டில் பாதிதான் இருக்கும். மீதி ஆளிடம் இருக்கும். ஆகவே, நேயர்களே, வீட்டைக் காலி செய்யும் நாள்வரை காத்திருக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது அம்மாவையோ பெரியம்மாவையோ ஒரு பானகம் கரைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கையில் அள்ளுவதைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் எழுதிவையுங்கள். கடைசியாக, பழைய நோட்டு எதையும் புரட்டிப் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள்.