வெரிகின் கிராமமும் ஒரு சத்தியமும்

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகினவன் இல்லை. ஏ.எல். வரை படித்தவன், இப்போது தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். போன கோடையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த ஒரு ஊரைப் பற்றித்தான் சொல்ல நிற்கிறேன்.

சஸ்கட்சுவான் மாகாணத்தில் கம்சாக் பட்டினத்துக்குக் கிட்ட வெரிகின் என்று ஒரு சின்ன ஊர். வினிபெக்கில் இருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். ஒரு றெயில் பாதை, கொஞ்ச வீடுகள், 1917 அளவில் கட்டின பெரிய பிரார்த்தனை மண்டபம். இந்த ஊரை உண்டாக்கினவர்களும் எங்களைப்போல அகதிகள்தான்.

டூக்கபோர் என்று அவர்களுக்குப் பெயர். ருசிய நாட்டுச் சனம். ஆளை ஆள் கொல்வது பாவம் என்று சொல்லி 1895 இல் தங்கட ஆயுதங்களைக் குவித்து எரித்தார்கள். ஜார் ஆட்சி சும்மா விடுமா? அடி, சிறை, ஊர் ஊராய்த் துரத்தல். எழுத்தாளர் டோல்ஸ்ரோய் தனது 'புத்துயிர்ப்பு' நாவலால் வந்த காசை அவர்களின் பயணத்துக்குக் கொடுத்தார். 1899 இல் 7,000 பேருக்கு மேல் கப்பலேறிக் கனடா வந்தார்கள். முதலில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தப் பனிக்காலத்தை வினிபெக்கின் குடிவரவு மண்டபங்களில்தான் கழித்தார்கள்.

கனடா அரசாங்கத்துக்குப் புல்வெளியை உழ ஆள் தேவைப்பட்டது. இராணுவச் சேவை இல்லை, சேர்ந்து கிராமமாக வாழலாம் என்று வாக்குக் கொடுத்தது. அந்தப் புல்வெளியும் ஆளில்லாத நிலம் இல்லை. 1874 ஒப்பந்தத்தோடு பூர்வகுடி மக்கள் ஒதுக்கப்பட்ட நிலம்தான்.

ஆண்கள் றெயில் பாதை போடும் கூலிவேலைக்குப் போனார்கள். உழைத்த காசு பொதுப் பெட்டிக்குப் போனது. மாடு போதாமல் பெண்கள் கயிற்றைத் தோளில் போட்டுக் கலப்பை இழுத்தார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. 1904 இல் றெயில் வந்தது. தலைவர் பீற்றர் வெரிகினின் பெயர் ஊருக்கு வந்தது. கடை, மா ஆலை, செங்கல் சூளை, தானியக் களஞ்சியம் எல்லாம் எழும்பின.

பிறகுதான் சிக்கல். காணி உறுதி வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிந்து, அரசருக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்ய வேண்டும். கடவுளுக்கு மட்டுமே சத்தியம் என்றது அந்தச் சனம். 1907 இல் பெருமளவு காணி பறிபோனது. மிஞ்சினவர்களுக்கு ஆளுக்கு 15 ஏக்கர். பறித்த காணிக்கு யோர்க்டன் காணிக் கந்தோரில் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். 1908 தொடக்கம் 5,000 பேரளவில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்கள். சிலர் சத்தியம் செய்து காணியோடு நின்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கட வீட்டிலும் இதே சண்டைதான். நான் கையை உயர்த்திச் சத்தியம் செய்து கனடாப் பிரசை ஆனேன். அப்பா மாட்டேன் என்றார். எங்கட காணி 1990 இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. "வெளிநாட்டுக்காரன் எண்டால் பிறகு எந்த முகத்தோட போய் என்ர காணியைக் கேக்கிறது?" என்று கேட்டார். நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இரண்டு வருசம் நாங்கள் ஒழுங்காகக் கதைக்கவில்லை.

வெரிகினில் அந்த மண்டபத்தின் முன்னால் அப்பா கனநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "கையெழுத்து வைச்சவனும் பிழையில்லை, வைக்காதவனும் பிழையில்லை. ரெண்டு பேரும் கதைக்காமல் விட்டதுதான் பிழை."

திரும்பி வரும்போது காருக்குள் ஐந்து மணித்தியாலமும் கதைத்தோம். அப்பா இன்னும் படிவம் நிரப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த மண்டபத்துக்குள்ளும் பிரசை எடுத்தவர், எடுக்காதவர், எடுக்க முடியாதவர் எல்லோரும் இருக்கிறோம். ஒருவரை ஒருவர் துரோகி, மறந்துபோனவன் என்று சொல்ல வேண்டாம். வருசப் பிறப்பு நாளில் கதைக்காமல் விட்ட ஒருவரோடு போய்க் கதையுங்கள். அதுதான் என் வேண்டுகோள்.