சம்பளம் கைக்கு வரும் வழி

பிழைப்பை நாடி வெளிமாநிலத்துக்கு வந்திருக்கும் நம்மவர்களைச் சந்தித்தால், “சம்பளம் எவ்வளவு?” என்று விசாரிக்கிறோம். “அது எந்த வழியாக உங்கள் கைக்கு வருகிறது?” என்று விசாரிப்பதில்லை. டில்லியில் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்யும் தமிழ்ப் பெண்மணி ஒருவருக்கு வங்கிப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல நேர்ந்தபோதுதான், இந்த இரண்டாவது கேள்வியின் கனம் நமக்கு விளங்கிற்று.

அம்மையார் விழுப்புரம் பக்கத்தவர். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை. மாதந்தோறும் முழுச் சம்பளமும் கணக்கில் வரவாகியிருந்தது. அன்று மாலையே, அவர் ஒருநாளும் போயறியாத பேட்டையிலுள்ள ஏ.டி.எம். ஒன்றிலிருந்து ஏறக்குறைய அவ்வளவும் எடுக்கப்பட்டிருந்தது. “கார்டு சூப்பர்வைசர்கிட்ட இருக்குங்க ஐயா. அவரே எடுத்து, மூவாயிரம் பிடிச்சுக்கிட்டு மீதியக் கொடுப்பாரு” என்றார். பிடித்தம் எதற்கு என்று கேட்டோம். வேலை வாங்கிக் கொடுத்ததற்கு, சீருடைக்கு, ஊரிலிருந்து அழைத்து வந்த ரயில் செலவுக்கு என்றார். ஒன்பது மாதமாக அந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது!

தகராறு புதிதன்று. ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-இல் அளித்த அறிக்கையில், சம்பளத் தாமதமும் அபராதங்களும் மட்டுமல்ல, ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் தொழிலாளியிடம் வாங்கிய மாமூலும் பேசப்பட்டிருக்கிறது. அதையடுத்து 1936-இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம், சம்பளம் நாணயமாகவோ நோட்டாகவோ தரப்பட வேண்டும் என்று விதித்தது. தானியமாக அளந்தும், கடைச் சீட்டாகக் கிழித்தும் கூலியைத் தீர்த்துவிட இடமிருந்த காலத்தில், எண்ணிப் பார்க்கக்கூடிய காசே தொழிலாளிக்குக் காவல். 1975-76-இல், தொழிலாளி எழுதிக் கொடுத்தால் காசோலையாகவோ வங்கி வரவாகவோ தரலாம் என்று திருத்தினர். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்ட பிறகு, டிசம்பரில் வந்த அவசரச் சட்டமும் 2017-இல் வந்த திருத்தச் சட்டமும் அந்தச் சம்மதமும் வேண்டியதில்லை என்று ஆக்கின. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019, பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ரொக்கம், காசோலை, வங்கி வரவு, மின்னணு முறை ஆகிய யாவும் இப்போது செல்லும்.

வங்கி வழியைக் குறை கூற நாம் வரவில்லை. ஒரு தொகைக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வேறொரு தொகையைக் கையில் வைத்த கணக்கப்பிள்ளைகளின் காலம் ஒழியட்டும் என்றுதான் பலரும் அதை வரவேற்றனர். ஆனால் கார்டு பிறர் கையில் இருக்கும்போது அதே வங்கிப் புத்தகம் தொழிலாளிக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. முழுச் சம்பளம் கொடுத்ததற்கு முதலாளி காட்டும் அத்தாட்சியே அதுதான். சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டதென்று வழக்கு வந்தால், பாக்கி தீர்ந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பைப் புதிய சட்டம் முதலாளி மேல் வைத்திருக்கிறது. இந்த அம்மையார் விஷயத்தில் அவர் வரவுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதுமே!

இங்கே கைகொடுப்பது பழைய சட்டத்தில் இருந்து புதியதிலும் தொடரும் ஒரு வாசகம். தொழிலாளி தம் முதலாளிக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ கொடுக்கும் எத்தொகையும் சம்பளத்தில் செய்த பிடித்தமாகவே கருதப்படும் என்பது அது. இவ்வகை வாசகங்களை மொழிபெயர்க்கும் நமக்குச் சொல் தேர்வு ஒரு தொல்லை. நண்பர் ஒருவர் ‘கழிவு’ என்று போடலாம் என்றார். அது குப்பைத்தொட்டியை நினைவூட்டும் என்பதால் ‘பிடித்தம்’ என்றே நிறுத்தினோம். மேஸ்திரி பிடித்துக்கொண்டதைச் சொல்லவும் அதுவே பொருத்தம்.

பிடித்தம் என்றாகிவிட்டால், சட்டம் அனுமதித்த இனங்களுக்கு மட்டுமே அதைச் செய்யலாம். எல்லாம் சேர்ந்தும் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது. வருங்கால வைப்பு நிதி, வருமான வரி, முன்பணம் முதலியவை அவ்வினங்களில் உண்டு. வேலை வாங்கிக் கொடுத்ததற்குக் கூலி கிடையாது. முன்பணத்திலும், வேலையில் சேருமுன் பயணச் செலவுக்காகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கலாகாது. தூர தேசம் வந்தவர்களுக்கு இது சிறிய சலுகையன்று.

முறையீட்டுக்கு முன்பிருந்த பன்னிரண்டு மாத அவகாசம் இப்போது மூன்று ஆண்டாகியிருக்கிறது. தொழிலாளியே மனுச் செய்யலாம்; அவர் உறுப்பினராயுள்ள தொழிற்சங்கமும் செய்யலாம். பிடித்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்க விசாரணை அதிகாரிக்கு அதிகாரமுண்டு.

அம்மையாரை முதலில் வங்கிக்கு அழைத்துச் சென்று பழைய கார்டை முடக்கச் செய்தோம். வேலை போய்விடுமோ என்று அவர் தயங்கியது நியாயமே. அந்தப் பயத்துக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து நம்மால் மறுமொழி சொல்ல முடியவில்லை. அதே ஏ.டி.எம்.மில், அதே மாலையில், அவரோடு வேலை செய்யும் மற்ற நால்வர் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கப்பட்டிருப்பதை அவர்கள் புத்தகங்களிலிருந்து குறித்துக்கொண்டோம். ஐவர் பெயரிலும் மனு தயாராயிற்று. கையெழுத்திட மூவர் வந்தனர். புதிய கார்டு இப்போது அம்மையாரின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. ஒன்பது மாதத்து இருபத்தேழாயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை.