வாசற்படிக்கும் வார்டுக்கும் நடுவே



கருத்தரங்குகளில் தலைமை உரை ஆற்றுபவர் இரண்டு நாள் அமர்வுகளையும் தாமே பேசி முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைத் தவிர்த்து, ஒரு காபி டம்ளரைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

மனநல சமூகப்பணியாளனாக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞரைப் பேட்டி கண்டேன். பாலிடெக்னிக் முடித்தவர், வயது 24. பல நாள் தூக்கமில்லை. எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா தன் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று நம்பி, ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார். சமையலில் விஷம் இருக்கிறது என்று சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். "குணசீலத்துக்குப் போயிட்டு வரலாம்னு சொல்லி வேன்ல ஏத்திடுவோம்" என்றார் தாய்மாமன். வழியில் முரண்டு பிடிக்காமல் இருக்க ஒரு மாத்திரையைப் பொடி செய்து காபியில் கலந்தார்கள். வேன் கோயில் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் கழித்து அவர் என்னிடம் சொன்னது இது: "டம்ளர் அடியில வெள்ளையாத் தங்கியிருந்துச்சு சார். அம்மா என் மூஞ்சியைப் பாக்காமலே குடிக்கச் சொன்னாங்க."

விஷம் கலக்கிறார்கள் என்பது அவருடைய நோயின் பேச்சு. அந்தப் பேச்சுக்கு நாமே ஒரு சாட்சியைத் தயார் செய்து கையில் கொடுத்துவிட்டோம். அவர் தேறினார், வேலைக்கும் போனார். ஆனால் அம்மா கையால் மாத்திரை வாங்கிக்கொள்ள மறுத்ததால் மருந்து இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் நோய் திரும்பியது. நான் அறிந்தவரை, அந்த வீட்டில் அவர் தன் காபியைத் தானே போட்டுக்கொள்கிறார்.

அந்தத் தாயைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு வழியை யாரும் காட்டவில்லை. இன்றைக்குக் காட்டுகிறோமா என்பதே என் கேள்வி.

சட்டம் நடந்து வந்த தூரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோயர் விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அந்த ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கியது நம் சாதனை. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியைப் பைத்தியம் என்ற பெயரில்தான் அழைத்தது. உறவினர் மனுக் கொடுப்பார், மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெயரை மாற்றியது. ஆனாலும் உறவினர் விண்ணப்பமும் இரண்டு மருத்துவச் சான்றும் இருந்தால், ஒருவரை அவர் விருப்பம் கேளாமல் 90 நாள் வரை வைத்திருக்க அது இடம் கொடுத்தது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் நிலை, அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்துக்கு ஆளாகும் நிலை இருந்தால் மட்டுமே 89ஆவது பிரிவின்கீழ் ஒருவரைச் சேர்க்கலாம். அதற்கு, நோயாளியின் சார்பில் நிற்கும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், மற்றொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். இந்தப் பிரிவின்கீழ் உச்ச அளவு 30 நாள். பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள்ளும் மற்றவர்கள் என்றால் 7 நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சேர்க்கப்பட்டவரே வாரியத்திடம் முறையிடலாம். குடும்பத்தின் கையில் சட்டம் கொடுத்திருப்பது தவணை குறித்த கடன்தான், பட்டா அல்ல.

நல்ல சட்டம். ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகிறது. வீட்டு வாசற்படியிலிருந்து அந்த வாசல் வரையுள்ள தூரத்தை யார், எப்படிக் கடப்பது? 'கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்' என்று நாம் போனில் சொல்கிறோமே, அந்தக் 'கூட்டிட்டு வாங்க'வுக்குள்தான் பொடித்த மாத்திரையும் பொய்க் கோயிலும் தாம்புக் கயிறும் இருக்கின்றன. அந்தக் கயிறு சங்கிலியான இடமும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்த மனநலக் காப்பகத்தில் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? பலருக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்திருந்தது. இன்று 95ஆவது பிரிவு எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சங்கிலியை எடுத்த இடத்தில் என்ன வைத்தோம்?

வாசற்படியிலிருந்து ஆஸ்பத்திரி வரையுள்ள தூரத்தைச் சட்டமும் அடியோடு மறந்துவிடவில்லை. 94ஆவது பிரிவைப் படியுங்கள். உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் அவசரத்தில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். பிரதிநிதி இருந்தால் அவருடைய இசைவு வேண்டும். அது நோயாளி இருக்கும் இடத்திலேயே நடக்கலாம். அருகிலுள்ள மனநல நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும் அதில் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் போதும் என்பதே இதன் பொருள். நான் நடத்திய பயிற்சி வகுப்புகளில் இந்தப் பிரிவு தெரியுமா என்று கேட்டால் ஓரிரு கைகள்தான் உயரும். 100ஆவது பிரிவு, மனநோயால் ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையைக் காவல் நிலையத்துக்குத் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. இவை தாளில் இருக்கின்றன. இரவு பதினோரு மணிக்குத் தெருவில் இல்லை.

'அரிவாளோடு நிற்பவனிடம் உண்மை பேசிக்கொண்டிருக்க முடியுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டாயம் தேவைப்படும் நேரம் உண்டு. அதை மறுப்பவர் அந்த வீட்டில் ஓர் இரவும் தங்கியிராதவர். ஆனால் கட்டாயம் வேறு, வஞ்சனை வேறு. 'உன்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போறோம், உனக்குப் பிடிக்கலைன்னாலும் போறோம், நானும் கூடவே இருப்பேன்' என்று சொல்லிவிட்டுத் தூக்கிச் செல்லலாம். அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் தேறிய பிறகு அண்ணனைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். அதே அண்ணன் கையிலிருந்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

'கூடவே இருப்பேன்' என்ற சொல்லுக்கும் நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோது, உறவினர் உடன் தங்குவதையே தன் முறையாக ஆக்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிற குடும்பத்துக்கும், பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே உள்ளே வருகிற குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளி மறப்பதில்லை.

இன்னொரு வழி, நல்ல நாளிலேயே பேசி வைப்பது. சட்டம் தரும் முன்கூட்டிய வழிகாட்டல் என்ற ஏற்பாட்டின்படி, தெளிவாக இருக்கும் காலத்தில் ஒருவர் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் பிரதிநிதி யார் என்று எழுதி வைக்கலாம். அவசர சிகிச்சையை அது கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் யாரை முதலில் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரி, யார் வந்தால் அடங்குவார் என்ற மூன்று கேள்விக்கு விடை இருந்தால், தாய்மாமன் வேன் பிடிப்பதற்கு முன் அந்த வீட்டில் பார்க்க ஒரு தாள் இருக்கும்.

ஆகவே இந்தக் கருத்தரங்குக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. சட்டத்துறை ஆய்வாளர்கள் 94, 100ஆவது பிரிவுகளை இரண்டு பக்கத் தமிழ்க் கையேடாக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் கிடைக்கச் செய்யுங்கள். மருத்துவர்கள், 'கூட்டிட்டு வாங்க' என்று சொல்லும்போது எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையாவது கொடுங்கள். மாணவர்கள், தேறியவர்களிடம் போய் அவர்களை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நோயாளியை வார்டில் மட்டுமே கேட்டுப் பழகிய நம் ஆய்வுக்கு, அந்த வேன் பயணத்தின் கதை வேண்டும்.

வீட்டில் இருக்கும் ஒருவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். அன்றைக்கு நீங்கள் செய்ததைச் செய்ய வைத்தது எங்கள் குறை. அடுத்த முறை என்று ஒன்று வந்தால், சேரும் இடத்தை மறைக்காமல் சொல்லிக் கூட்டி வாருங்கள். வழியில் துணைக்கு ஆள் இருக்கச் செய்வது இந்த அவையின் பொறுப்பு.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.