ஏற்றத்தில் கற்ற பாடம்



1923-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 71,000 கிலோமீற்றர் கடந்து 1928-இல் ஊர் திரும்பியவர்கள் மூவரே. நெடும்பயணத்தில் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர்.

நமது சைக்கிள் பயணத்தில் பொகவந்தலாவையை நோக்கிச் சென்ற நாளில் இதனை நினைவிற் கொண்டோம். ஹற்றனில் காலையிற் புறப்பட்டு, டிக்கோயா, நோர்வூட் வழியாகச் சென்றோம். ஏற்றம் வந்ததும் வலுவுள்ளோர் முந்தினர். வயதிற் சிறியோர் பின்தங்கினர். உடனே அவர்களை முன்னே விட்டு, அவர்களுடைய வேகத்திலேயே யாவரும் மிதித்தோம். மலைச்சரிவில் கொழுந்து பறித்த தாய்மார் கைகாட்டி வாழ்த்தினர். கூடை சுமந்து நாள்தோறும் மலையேறும் அவர்கள்முன் நமது களைப்பு எம்மாத்திரம்! பொழுது சாயுமுன் ஒருவரும் குறையாமல் பொகவந்தலாவையை அடைந்தோம்.

சங்கப் பணியும் இத்தகையதே. படிப்பை இடையில் நிறுத்திய தம்பி தங்கையரையும், வேலை தேடிக் கொழும்பு சென்று தனித்திருப்போரையும் மறந்து நாம் மட்டும் முன்னே போவது முன்னேற்றமாகாது. மாலை வகுப்பாயினும், வாசிகசாலையாயினும், பின்தங்கியவரின் வேகத்தை அறிந்தே திட்டமிடுவோம். ஒருங்கே ஊர் சேர்வோம்.