ஆங்கிலச் சொற்கள் சில: பொருளும் வழக்கும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்விக் கூட்டத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆங்கிலம் பற்றி மாணவர்களுக்குப் பயன்படுமாறு சிறிது நேரம் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். இலக்கணம் நடத்தினால் கடைசி வரிசையில் உறக்கம் தொடங்கிவிடும் என்பதைப் பல்லாண்டு ஆசிரியப் பணியில் நாம் நன்கறிவோம். ஆகவே சொற்கள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவை ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் அரிய சொற்கள் அல்ல. நம் வீட்டுத் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் காகிதங்களில், அதாவது சாதிச் சான்றிதழிலும் நிலப் பத்திரத்திலும் உதவித்தொகைப் படிவத்திலும், வருகின்ற சொற்களே அவை. அவற்றின் பொருளை அறியாமையால் நாம் இழந்தவை பல. அறிந்தால் பெறக்கூடியவையும் பல.

அட்டெஸ்ட்

முதற்சொல் நாமே விலை கொடுத்துக் கற்ற சொல். கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். சான்றிதழ்களின் 'அட்டெஸ்டட்' நகல்களை அனுப்புக என்று படிவத்தில் இருந்தது. 'அட்டாச்ட்' என்ற சொல்லை நாம் பள்ளியில் படித்திருந்தோம். இணைக்கப்பட்டது என்பது அதன் பொருள். இரண்டும் ஒன்றே எனக் கருதி, நகல்களைக் குண்டூசியால் இணைத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம். மாதங்கள் சென்றன, பணம் வரவில்லை. நேரில் சென்று கேட்டபோது, விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது என்றார் அங்கிருந்த எழுத்தர். "படிக்கிற பிள்ளைதானே, இதுகூடத் தெரியாதா?" என்றும் கேட்டார். அவ்வாண்டு விடுதிக் கட்டணத்திற்காக அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அந்தத் தோடு மீளவேயில்லை.

'அட்டெஸ்ட்' என்பதற்குச் சாட்சி கூறுதல் என்று பொருள். இந்த நகல் மூலச் சான்றிதழுக்கு மாறுபாடின்றி உள்ளது என்று உரிய அலுவலர் ஒருவர் கையொப்பமும் முத்திரையும் இட்டுச் சான்று பகர வேண்டும். அதுவே அட்டெஸ்டட் நகல். இன்று பல அலுவலகங்களில் 'செல்ப் அட்டெஸ்டட்' என்றாலே போதும். நம் சான்றிதழுக்கு நாமே சாட்சியாக நின்று கையொப்பமிடுகிறோம். அப்படியாயின் தவறு நேர்ந்தாலும் பொறுப்பு நம்முடையதே என்பதை மறத்தலாகாது.

பரையா, கூலி

நாம் ஆங்கிலத்திடம் கடன் வாங்கினோம் என்று மட்டும் எண்ண வேண்டா. ஆங்கிலமும் தமிழிடம் கடன் வாங்கியிருக்கிறது. கட்டுமரமும் சுருட்டும் கப்பலேறிப் போய் ஆங்கில அகராதியில் இடம் பெற்றுள்ளன. அவற்றோடு நம் மக்களின் பெயரும் போயிற்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கில நூல்களில் ஏறிவிட்ட 'பரையா' என்னும் சொல், பறையர் என்னும் பெயரினின்று பிறந்தது. பறை என்னும் இசைக் கருவியோடு அப்பெயரைத் தொடர்புபடுத்தி அகராதிகள் விளக்கம் கூறுகின்றன. ஆனால் ஆங்கில வழக்கில் அதன் பொருள் என்ன? எவராலும் தீண்டப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்பதாகும். உலக நாடுகள் உறவை முறித்துக்கொண்ட ஒரு நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று இன்றும் நாளிதழ்கள் எழுதுகின்றன. ஒரு மக்களின் பெயர் உலகமெங்கும் இகழ்ச்சிச் சொல்லாகச் சுற்றி வருகிறது.

மாணவர்களே, இச்சொல்லைப் பாடத்திலோ பத்திரிகையிலோ காணும்போது தலை குனிய வேண்டுவதில்லை. பொருளை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் கட்டுரையில் அதை எழுதாதீர்கள். தனிமைப்பட்ட நாடு என்று சொல்ல 'ஐசொலேட்டட்' என்ற நல்ல சொல் இருக்கிறது. பிறர் இழிவாக ஆக்கிய அப்பெயரையே 1893-ஆம் ஆண்டில் தம் இதழுக்குச் சூட்டி, அதனைத் தலைநிமிர்ந்து நடத்தினார் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். பின்னர் 1922-இல், எம். சி. ராஜா அவர்களின் முயற்சியின் பயனாக, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் வழங்கச் சென்னை மாகாண அரசு ஆணையிட்டது. ஒரு சொல்லை எதிர்கொள்ள இருவேறு வழிகளை நம் முன்னோர் நமக்குக் காட்டியுள்ளனர்.

'கூலி' என்பதும் அத்தகையதே. அதன் மூலம் தமிழ் என்பாரும் உளர், வேறு என்பாரும் உளர். தமிழில் கூலி என்பது உழைத்தவன் பெறும் ஊதியம். ஆங்கிலத்திலோ உழைக்கும் மனிதனே கூலி ஆகிவிட்டான். இலங்கை, மலேயா, நேட்டால் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் பாட்டன்மாரை அச்சொல்லாலேயே பதிவேட்டில் எழுதினர். ஊதியத்தின் பெயரை மனிதனுக்குச் சூட்டிவிட்டு, ஊதியத்தை மட்டும் குறைத்தே கொடுத்தனர்.

டிப்ரஸ்ட், ஷெட்யூல்டு

பழைய ஆவணங்களில் நம்மை 'டிப்ரஸ்ட் கிளாஸஸ்' என்று குறித்திருப்பார்கள். தாழ்ந்த வகுப்பினர் என்று அதனைத் தமிழ்ப்படுத்துவது பிழை. 'டிப்ரஸ்' என்றால் கீழே அழுத்துதல். 'டிப்ரஸ்ட்' என்பது செயப்பாட்டுப் பொருள் தரும் வடிவம். அழுத்தப்பட்ட என்று பொருள்படும். அழுத்தப்பட்டவர் ஒருவர் உண்டெனில் அழுத்தியவர் ஒருவரும் உண்டல்லவா? செயப்பாட்டு வினையில் செய்தவனின் பெயர் மறைந்து நிற்கும். வகுப்பறையில் செயப்பாட்டு வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றுக என்று பயிற்சி தருகிறோம். இச்சொல்லையும் அவ்வாறு மாற்றிப் பாருங்கள். வரலாறு தானே விளங்கும்.

1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'எக்ஸ்டீரியர் காஸ்ட்ஸ்', அதாவது புறத்தே உள்ள சாதிகள், என்றனர். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில்தான் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்ற பெயர் வந்தது. அடுத்த ஆண்டே சாதிகளின் பட்டியலும் வெளியாயிற்று. மாணவர்களுக்கு ஷெட்யூல் என்றால் கால அட்டவணைதான் நினைவிற்கு வரும். இலத்தீன் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குச் சிறு ஓலைத் துண்டு போன்ற தாள் என்று பொருள். சட்டத்தின் இறுதியில் இணைக்கப்படும் பட்டியலுக்கு அதுவே பெயராயிற்று. ஆகவே ஷெட்யூல்டு என்பதற்குப் பட்டியலில் சேர்க்கப்பட்ட என்பதே பொருள். அச்சொல்லில் இழிவு எள்ளளவும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் அதை எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டு எழுதும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். மறைக்க வேண்டிய சொல் அதுவன்று.

கன்செஷன், ரிசர்வேஷன்

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பாதவர் அரிது. இரயில் நிலையத்திற்குச் சென்றால் வேறுபாடு விளங்கும். நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கிறார்கள். அது கன்செஷன், தமிழில் சலுகை. இன்னாருக்குரிய இடம் இது என்று முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறார்களே, அது ரிசர்வேஷன். ஒதுக்கிய இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம், உமக்குச் சலுகை தந்தோம் என்று எவரும் சொல்வதில்லை. அது அவருக்குரிய இடம்.

இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று பிறர் சொல்வது ஒருபுறமிருக்க, நாமே 'எஸ்.சி. கன்செஷன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கட்டணச் சலுகையைச் சலுகை என்று சொல்லுங்கள். ஒதுக்கீட்டை ஒதுக்கீடு என்றே சொல்லுங்கள்.

மே, ஷால்

எழுத்தில் மிகச் சிறியவை. சட்டத்தில் மிகப் பெரியவை. 'மே' என்றால் செய்யலாம். 'ஷால்' என்றால் செய்தே ஆக வேண்டும். மக்களவையில் நம்மவர்க்கு இடம் ஒதுக்கும் அரசியலமைப்பின் 330-ஆம் பிரிவு ஷால் என்று ஆணையிடுகிறது. அரசுப் பணிகளைப் பற்றிய 16(4)-ஆம் பிரிவிலும் ஷால் என்ற சொல் வருகிறது. ஆனால் எங்கே வருகிறது? அரசு ஒதுக்கீடு செய்வதை எதுவும் தடுக்கலாகாது என்று கூறும் இடத்தில் வருகிறது. ஒதுக்கீடு செய்தே தீர வேண்டும் என்ற கட்டளை அங்கு இல்லை. நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர் பழங்குடியினரின், கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்று 46-ஆம் பிரிவு ஷால் போட்டுக் கூறுகிறது. ஆனால் அது வழிகாட்டும் நெறிமுறைகளுள் ஒன்றாதலால் அதனை மட்டும் காட்டி நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்றிவிட இயலாது. ஆகவே சொல்லை மட்டும் படித்தால் போதாது. வாக்கியம் முழுவதையும், அது நிற்கும் இடத்தையும் படிக்க வேண்டும்.

அட்ராசிட்டி

சென்ற ஆண்டுகளில் ஒரு மாணவன், தன் தம்பி வீட்டில் அட்ராசிட்டி செய்கிறான் என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதியிருந்தான். திரைப்படங்களும் கேலிப் பேச்சும் இச்சொல்லைக் குறும்பு என்ற பொருளில் பரப்பிவிட்டன. உண்மைப் பொருள் கொடுஞ்செயல், வன்கொடுமை என்பதாகும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. நம் நிலத்தை அபகரித்தல், பொது நீர்நிலையைப் பயன்படுத்த விடாது தடுத்தல், பொதுவிடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துதல் முதலியன அச்சட்டத்தின்கீழ்க் குற்றங்களாகும். கீழ்வெண்மணியில் 1968-இல் நாற்பத்து நால்வர் எரிந்து மாண்டது அட்ராசிட்டி. தம்பி மாவுச் சட்டியைக் கவிழ்த்தது அட்ராசிட்டி அன்று. அச்சொல்லின் கனத்தை நாமே குறைத்துவிட்டால், காவல் நிலையத்தில் அதைச் சொல்லி முறையிடும் நாளில் கேட்பவர்க்கும் அது கனக்காது.

ஏலியனேட்

இலத்தீனில் பிறனுக்குரியது என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. சட்ட வழக்கில், விற்றோ தானமாகவோ ஈடாகவோ சொத்தைப் பிறர்பால் சேர்த்தலைக் குறிக்கும். வருவாய்த் துறைத் தமிழில் இதனைப் 'பராதீனம்' என்பர். ஆங்கிலமும் புரியவில்லை, தமிழும் புரியவில்லை என்ற நிலையில் நம் மக்கள் எத்தனை பேர் கைநாட்டு வைத்தனரோ!

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை அரசு நிலம் வழங்க முன்வந்தது. அவ்வழியில் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். ஒரு குறிப்பிட்ட காலம் வரை அவற்றை எவருக்கும் பராதீனம் செய்யலாகாது. அதன் பின்னரும் நம் வகுப்பாரல்லாத பிறர்க்குச் செய்யலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. காகிதம் பெட்டியில் இருந்தது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. நிலம் கைமாறிப் போயிற்று. 1994-இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்திற்காகப் போராடியபோது செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர். இளைஞர்களே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பழைய பெட்டியைத் திறவுங்கள். பட்டாவிலும் பத்திரத்திலும் நிபந்தனை என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். பொருள் விளங்கவில்லையெனில் சங்கத்திற்கு எடுத்து வாருங்கள். விளங்கும் முன் எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

அஜிடேட்

இறுதிச் சொல்லாக இதனை வைத்தோம். 1942-இல் நாகபுரி மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் நமக்கு மூன்று சொற்களை அறிவுரையாகத் தந்தார்கள்: எஜுகேட், அஜிடேட், ஆர்கனைஸ். நடுவிலுள்ள சொல்லைப் போராடு என்றே பலரும் மொழிபெயர்க்கின்றனர். அது தவறன்று, ஆனால் முழுப் பொருளும் அன்று. அஜிடேட் என்பதன் மூலப் பொருள் அசைத்தல், கலக்குதல் என்பதாகும். தேங்கிய நீரை அசைப்பது போல, தேங்கிய மனத்தையும் அசைக்க வேண்டும். ஏன் இப்படி இருக்கிறோம் என்று முதலில் நமக்குள் ஒரு கலக்கம் பிறக்க வேண்டும். கல்வி அக்கலக்கத்தைத் தராவிடில் அது வெறும் சான்றிதழே. கலக்கம் மட்டும் இருந்து ஒற்றுமை இல்லையெனில் அது வெறும் கூச்சலே. மூன்றும் வரிசையாகவும் சேர்ந்தும் வர வேண்டும்.

அன்பர்களே, இச்சங்கத்தின் படிப்பகத்திற்கு ஒரு வேண்டுகோள். நல்லதொரு ஆங்கிலம்-தமிழ் அகராதியை, பூட்டிய அலமாரியில் வைக்காமல், மேசைமேல் வையுங்கள். மாணவர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்து, வீட்டுக்கு வரும் ஒவ்வோர் அரசுக் காகிதத்திலும் புரியாத சொல்லை எழுதிப் பொருள் காணுங்கள். நாளுக்கு ஒரு சொல் என்றால் ஆண்டுக்கு முந்நூற்றறுபத்தைந்து சொற்கள். அவற்றைப் பெற்றோருக்கும் விளக்குங்கள்.

அன்று ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல நம் தெருவில் ஒருவரும் இல்லை. இன்று இந்தக் கூடத்தில் பட்டதாரிகள் வரிசையாக அமர்ந்திருக்கிறீர்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமையால் இனி எந்தத் தாயின் தோடும் அடகுக்குப் போகலாகாது. அதற்கு இச்சங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டு அமைகின்றோம்.

வளர்க கல்வி! வாழ்க சங்கம்!