வாஷிங் மெஷின் ஃபில்டர் கழலவில்லையா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பி.காம். படித்தவருக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது என்பது என் துணைவியாரின் நீண்ட நாள் கருத்து. ஆனால் போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்ட செயலாளர், "சார், இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், நாலு பேருக்குப் பயன்படும்" என்றார். அதனால் நிற்கிறேன்.

என் மாமியார் படுக்கையில் இருக்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று பெட்ஷீட்டாவது துவைக்க வேண்டும். ஐப்பசி மழையில் கையால் பிழிந்து போட்டால் இரண்டு நாள் ஆனாலும் காயாது. மெஷின் பிழிந்து கொடுத்தால்தான் ஃபேன் காற்றில் காயும். அப்படிப்பட்ட நேரத்தில் மெஷின் தண்ணீரோடு நின்றுவிட்டது. உள்ளே மூன்று பெட்ஷீட், கதவு திறக்கவில்லை. சர்வீஸுக்குப் போன் செய்தால் ஆள் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

எங்களுடையது முன்பக்கம் கதவு உள்ள மெஷின். அதில் கீழே ஓரமாக ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் இருக்கும் திருகுதான் ஃபில்டர். அதற்கு அடுத்தே தண்ணீரை வெளியேற்றும் பம்ப். சட்டைப் பையில் மறந்த காசு, ஊக்கு, பட்டன், நூல் எல்லாம் பம்பின் விசிறியில் போய்ச் சிக்காமல் தடுப்பது இந்த ஃபில்டர். மேலே மூடி உள்ள மெஷின்களில் தொட்டிக்குள் வலைப்பை மாதிரி இருப்பது வேறு, அது கையாலேயே வந்துவிடும். இன்று நான் சொல்வது முன்கதவு மெஷினுக்கு.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரைத் திருகினேன், அசையவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து முழு பலத்தையும் போட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி பிளேயரோடு வந்துவிட்டது, ஃபில்டர் உள்ளேயே நின்றுவிட்டது. வங்கியில் லாக்கர் சாவி திரும்பவில்லை என்றால் பலம் போடாதீர்கள் என்று எத்தனை வாடிக்கையாளருக்குச் சொல்லியிருப்பேன்! என் வீட்டில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

எதிர் வீட்டுத் தம்பி ஐ.டி.ஐ. முடித்தவர். அவர் வந்து உட்கார்ந்து, "சார், இது ஏன் இறுகுதுன்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்" என்றார். காரணம் இரண்டு. ஒன்று, ஏதாவது ஒரு பொருள் மரைக்குள் குறுக்கே மாட்டியிருக்கும். இரண்டாவது நம் ஊர் போர் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்பு உப்பு சோப்போடு சேர்ந்து பிசுக்காகி, அதில் துணி நூலும் ஒட்டி, மரை இடுக்கில் சிமெண்ட் பூசியது போல இறுகிவிடும். குழாய் வாயிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்குதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை. நம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி செய்ய வேண்டியது. முதலில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். காய்ந்த கையால், ஈரமில்லாத தரையில் நின்று. வெந்நீர் வாஷ் போட்டிருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். பிறகு தண்ணீரை வடிக்க வேண்டும். ஃபில்டர் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று அடைப்பானோடு இருந்தால், உயரம் குறைந்த தாம்பாளத்தை வைத்து அதன் வழியாக வடிக்கலாம். எங்களுக்குப் பத்துப் பதினைந்து தாம்பாளம் ஆயிற்று. அந்தக் குழாய் இல்லாத மாடல் என்றால், பின்னால் இருக்கும் கழிவுநீர் ஓஸைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் பெரும்பாலான தண்ணீர் தானாக இறங்கும். பிளக் எடுத்துச் சில நிமிஷம் ஆனால் பெரும்பாலான மெஷின்களில் கதவுப் பூட்டும் விட்டுவிடும். பெட்ஷீட்டுகள் வெளியே வந்தபோதுதான் என் துணைவியார் என்னிடம் பேசவே ஆரம்பித்தார்.

அடுத்தது ஊற வைப்பது. வடிகுழாயை அடைத்து, ஓஸை மறுபடி மேலே மாட்டி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு லிட்டர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து டிரம்மில் ஊற்றுங்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்றால் கொடுப்பார்கள். ஒரு மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு இளகும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக்கும் ரப்பரும் கெடும். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ இதோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். இதை மட்டும் இரண்டு முறை சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வடித்த பிறகு, உடனே இடப்பக்கம் திருகக் கூடாது. முதலில் வலப்பக்கம், அதாவது இறுக்கும் பக்கம், நூலளவு. பிறகு இடப்பக்கம் நூலளவு. இப்படிப் பத்துப் பதினைந்து முறை பொறுமையாக ஆட்டினால் குறுக்கே மாட்டிய பொருள் இடம் மாறும். கைப்பிடி உடைந்த எங்கள் ஃபில்டரில் மீதியிருந்த முனையை நோஸ் பிளேயரால் பிடித்து அந்தத் தம்பி இப்படித்தான் ஆட்டினார். அரை மணி நேரத்தில் கழன்றது. அதற்கும் மசியாவிட்டால், மெஷினை இரண்டு பேராகச் சாய்த்து அடிவழியாகப் பம்பைக் கழற்றி, உள்ளிருந்து பொருளைத் தள்ள வேண்டும். அது கை பழகியவர்கள் வேலை. நம்மைப் போன்ற வயதுக்காரர்கள் மெஷினைச் சாய்க்க வேண்டாம்.

உள்ளே இருந்தவை: ஒரு ரூபாய்க் காசு இரண்டு, ரவிக்கை ஊக்கு ஒன்று, கைநிறைய நூல், மரையில் குறுக்கே நின்ற ஒரு மாத்திரை அட்டைத் துண்டு. மாமியாரின் மாத்திரைதான். பெட்ஷீட்டை உதறாமல் போட்டது நான். தறி உள்ள வீட்டுக்காரர்கள் கவனியுங்கள், லுங்கியில் ஒட்டி வரும் பட்டு இழையும் இங்கேதான் போய்ச் சேரும்.

உடைந்த ஃபில்டர் இல்லாமலே ஓட்டலாமா என்று கேட்டேன். தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியாகத் தரைக்குத்தான் வரும் என்றார் தம்பி. மெஷினில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனால் அதே அளவில் புதிது கிடைக்கிறது. மாட்டுவதற்கு முன் மரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்து, பம்ப் விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுழலாமல் விட்டுவிட்டு நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, பழுது இல்லை. ரப்பர் வாஷர் இடத்தில் இருக்கிறதா பார்த்து, நேராக வைத்துத் திருகி, இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்த பிறகுதான் துணி போட வேண்டும். இப்போது மாதம் ஒரு தடவை, பென்ஷன் பாஸ்புக் வரவு போடும் நாளில், ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறேன்.

வாரண்டியில் உள்ள மெஷின் என்றால் நீங்களாகப் பலம் போடாதீர்கள். உடைத்தது வாடிக்கையாளர் என்றால் இலவசமாகச் செய்து தரமாட்டார்கள். புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்கி வையுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் பொது போர் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் கடினத்தன்மையைச் சோதிக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, தாமல் ஏரி நிரம்பிய பிறகு ஒரு முறை. கட்டணத்தை இந்த முறை நான் கட்டுகிறேன். முடிவை அடுத்த இதழில் போடலாம்.

நோஸ் பிளேயரும் தாழ்ந்த தாம்பாளமும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவேன், பழைய பழக்கம், தப்பாக நினைக்காதீர்கள்.