என் அலமாரியில் உள்ள விஞ்ஞானக் கதைகள்

(சரோஜினி நகரில் நடந்த நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ரிடையரான பிறகு என்ன படிக்கிறீர்கள் என்று பேசுங்களேன்" என்று செயலாளர் சொன்னார். கீதையைப் பற்றியும் உபநிஷத்தைப் பற்றியும் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். ஆகவே என் வீட்டு அலமாரியில் உள்ள 640 புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறேன். அத்தனையும் விஞ்ஞானக் கதைகள், மாயாஜாலக் கதைகள்.

பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து 1972-ல் டில்லிக்கு உத்தியோகத்துக்கு வந்தேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வாசம். பெரியவர்கள் அப்போதும் இதை விநய் நகர் என்றே சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து தர்யாகஞ்ச் நடைபாதைப் புத்தகக் கடைகளுக்குப் போவேன். (அந்தக் கடைகள் 2019-ல் ஆஸப் அலி ரோடு மகிளா ஹாட்டுக்கு மாற்றப்பட்டன.) அஸிமோவ், கிளார்க், பிராட்பரி எல்லோரும் எனக்கு அங்கேதான் அறிமுகம். தமிழில் சுஜாதா. அவரும் டில்லியில் சிவில் ஏவியேஷன் துறையில் பணியாற்றியவர்தான். அவருடைய 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும். என் பிள்ளைகள் தமிழ் வாசிக்கப் பழகியதே அந்த நாயினால்தான்.

"இந்த வயதில் ராக்கெட் கதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாகவதத்தில் ககுத்மி ராஜா, மகள் ரேவதிக்கு வரன் கேட்க பிரம்மலோகம் போகிறார். சற்று நேரம் காத்திருந்து கேட்பதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன. உடனே "ஐன்ஸ்டைன் சொன்னது நமக்கு முன்பே தெரியும்" என்று சொல்லிவிடக் கூடாது. 1905-ல் அவர் கொடுத்தது கணக்கு, இது கற்பனை. ஆனால் காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓட வேண்டியதில்லை என்று நினைத்துப் பார்க்கும் துணிவு இரண்டிலும் இருக்கிறது. நல்ல விஞ்ஞானக் கதை அந்தத் துணிவைத்தான் பழக்குகிறது.

ஆர்தர் கிளார்க்கையே எடுத்துக் கொள்ளுங்கள். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தி உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதினார். 1975-ல் நம் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக டெலிவிஷன் காட்டிய 'சைட்' சோதனையின்போது, கொழும்பில் அவர் வீட்டிலும் ஓர் அன்டெனாவை இஸ்ரோ அமைத்துக் கொடுத்தது.

இனி என் கவலைக்கு வருகிறேன். மலிவுப் பதிப்புகள் மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானவை. அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும். அமிலம் செல்லுலோஸ் இழைகளை அறுத்து, தாள் அப்பளம் போல நொறுங்கும். டில்லியின் வெயிலும் ஆகஸ்ட் மாத ஈரமும் இதைத் துரிதப்படுத்தும். என் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். "அப்பா, இங்கே இடமில்லை" என்கிறார்கள், அது நியாயம்தான். அடுத்த வருஷம் நாங்களும் சின்ன ஃபிளாட்டுக்கு மாறுகிறோம். எங்களுக்குப் பிறகு இவை எடைக்குப் போகும்.

ஜூடித் மெரில் என்ற எழுத்தாளர் தம்மிடமிருந்த ஏறத்தாழ 5,000 விஞ்ஞானக் கதைப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் 1970-ல் டொரான்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். தாம் இருக்கும்போதே கொடுத்ததால் எது அரிது, எது ஏன் முக்கியம் என்று அவரே சொல்ல முடிந்தது. நம் பக்கத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், நாடக நோட்டீஸ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்தவர். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக ஏற்படச் செய்தது. எல்லா அலமாரிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

எனவே ஆறு மாதமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி வருகிறேன். பெயர், ஆசிரியர், எங்கே எப்போது வாங்கினேன், யார் படித்தால் பிடிக்கும் என்று நாலு பத்தி. இதுவரை 410 முடிந்திருக்கிறது. கடைசிப் பத்திதான் எனக்குப் பிறகு யாராலும் எழுத முடியாதது.

உறுப்பினர்கள் எந்த ஊரில் இருந்தாலும், எந்த வகைப் புத்தகம் சேர்த்திருந்தாலும், இப்படி ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். புத்தகங்களைச் சுவரோடு ஒட்டாமல், வெயில் படாமல் அடுக்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை வீட்டுக்கு வந்தால் ஒரு புத்தகமாவது கொடுத்தனுப்புங்கள். திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை.

இன்று பன்னிரண்டு புத்தகங்கள் கொண்டு வந்திருக்கிறேன். வாசல் பக்கத்து மேஜையில் இருக்கின்றன. காபி சாப்பிட்டுப் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு முதலிடம்.